நாற்பத்தொன்று

மட்டக்களப்பு பஸ்ஸில்
லெப்டொப் தொடையைச் சுடுகிறது.
விலை ஒரு சதம் அசைந்தால் போதும்,
என் நிரல்
இருநூறு மெழுகுதிரிகளையும்
முதலிலிருந்து கூட்டத் தொடங்கும்.
சராசரிக் கோடு திக்கித் திக்கி வரும்.
கட்டாரிலிருந்து பஸ்மில்:
"இன்னும் சரிவரல்லியா?"

ஓந்தாச்சிமடத்தில் இரண்டு பேர் இறங்க,
மீன்பெட்டியோடு ஒருவர் ஏற,
மிதிபலகையில் தொங்கியபடியே
கொண்டக்டர் சொன்னான்:
"நாற்பத்தொன்று."
உள்ளே எட்டியும் பார்க்கவில்லை.

களுவாஞ்சிகுடி வருமுன்
சுழற்சியை அழித்துவிட்டேன்.
பழைய கூட்டுத்தொகை அப்படியே இருக்கட்டும்;
போவதைக் கழி,
வருவதைக் கூட்டு,
இருநூறால் வகு.

விசிறி அடங்கியது.
கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது.

பஸ்மிலின் பங்கு விழுவது
இப்போது
உடனுக்குடன் தெரிகிறது.