கடைசிப் பெயர்

படிவம் முதல் பெயர் கேட்டது.
முப்பிடாதி என்று அடித்தேன்.
அடுத்த கட்டம் கடைசிப் பெயர் கேட்டது.
எங்கள் பக்கம் கடைசி என்றால்
செங்கோட்டை ரயிலின் கடைசிப் பெட்டி,
கன்னடியன் காலில் தண்ணீர் எட்டாத மடை.
பெயரில் கடைசி கிடையாது.
முன்னால் ஒரு எழுத்து உண்டு, ஒரு புள்ளியும்.
சிவப்பு நட்சத்திரம் விடுவதாயில்லை.
‘ச’வை விரித்து அப்பாவை எழுதினேன்:
சங்கிலிபூதத்தான்.

அன்றிலிருந்து
அம்பாசமுத்திரத்து வயல் நத்தைகளைப் பற்றி
உலகத்துக்குச் சொல்கிறவர் அப்பா.
கல்லிடைக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
இதுவரை பதினொரு கட்டுரை.
ஆங்கிலத்தில் அவரை மூன்று விதமாக எழுதிவிட்டேன்,
ஒன்றில் ஒரு எச் கூடுதல்,
ஒன்றில் சங்கிலிக்கும் பூதத்துக்கும் நடுவே இடைவெளி.
தேடினால் நாங்கள் மூன்று பேர்.
மூன்று பேரும் ஒருவரையொருவர்
மேற்கோள் காட்டுவதில்லை.

ஜெபசெல்வி சொன்னாள்:
‘ஏட்டி, பேப்பர் போட்டா மட்டும் போதாது,
ஆளு தெரியணும்.
ஒத்த வரியில நீ யாருன்னு எழுது.
நல்லதா ஒரு போட்டோ போடு.’
அவளைப் பின்தொடர்கிறவர்கள் நாலாயிரத்துச் சொச்சம்.
காந்தத் துகள் பற்றி அவள் எழுதுவது
எனக்கே புரிகிறது. அதுதான் எரிச்சல்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு எதிரே ஸ்டுடியோ.
எடுத்த பையன்
திரையில் என் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து
சேற்றில் நின்று சேர்த்த பத்து வருட வெயிலை
அரை நிமிடத்தில் எடுத்துவிட்டான்.
திருப்பி வை தம்பி, என்றேன்.
வெயிலை வைக்கிற பொத்தான்
எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒற்றை வரி.
நன்னீர் மெல்லுடலி ஆய்வாளர்:
மருந்துக் கம்பெனி போல் இருக்கிறது.
நத்தைகளின் தோழி:
நத்தைகளைக் கேட்கவில்லை, அழித்தேன்.
இரவு பதினொன்றரைக்கு
‘நத்தை எண்ணுகிறேன்’ என்று போட்டு மூடினேன்.

மூன்று பேரையும் ஒருத்தியாக்க
பதினாறு இலக்கத்தில் எண் ஒன்று தந்தார்கள்.
பதினாறும் பெற்று என்று அட்சதை போட்டவர்கள்
இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

ஹங்கேரியிலிருந்து கடிதம் வந்தது.
மதிப்புமிகு பேராசிரியர் சங்கிலிபூதத்தான் ஐயா,
தங்கள் ஓட்டு அளவைகளை அனுப்ப இயலுமா.
போனில் வாசித்துக் காட்டினேன்.
அப்பா பேசவில்லை.
பின்னால் காயில் சுற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
‘என்னட்டி பதில் போட்ட?’
‘நீங்க ஊர்ல இல்லன்னு.’
‘பொழைச்சேன்.’

தை மாதம், பிசானம் கதிர் விடுகிற நேரம்,
வீரவநல்லூரிலிருந்து மாசானம் என்று ஒருவன்
படம் அனுப்பினான்.
நெல் தாளில் ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து.
‘அக்கா இது நல்லதா கெட்டதா?’

காலை முதல் பஸ்.
கெட்டது, வெறுங்கையால் தொடாதே, என்றேன்
இறங்கியவுடன், அவன் பெயரைக் கேட்கும் முன்பே.
டப்பாவில் வழித்தோம்.
கால்வாய்க் கரையில் மூன்று கிலோமீட்டர் நடந்தோம்.
நூற்று நாற்பத்தேழு கொத்து.
எப்படி என்னைக் கண்டுபிடித்தாய்?
‘நத்தைன்னு அடிச்சேன்க்கா.
சூப்பு வைக்கிறவுக நெறைய வந்தாவ.
எண்ணுதவுக நீங்க ஒருத்திதான்.’

இப்போது பங்குனி.
சங்கிலிபூதத்தான், உங்கள் பக்கம்
நாற்பது நாளாக அசைவற்றிருக்கிறது என்று
நினைவூட்டல் வந்திருக்கிறது.
ஜெபசெல்வியும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.
மேசையில், காய்ந்த சேற்றுக் கட்டிக்குள்,
நம்மூர் நத்தை ஒன்று
வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.
பாபநாசத்தில் காருக்குத் தண்ணீர் திறக்கும்வரை
அப்படித்தான் கிடக்கும்.
தராசில் வைத்தேன்.
போன வாரத்துக்கு அரை கிராம் குறைவு.
குறித்துக்கொண்டேன், தேதியோடு.