அச்சறை, மூன்றாம் ஷிப்ட்

கங்கைகொண்டான் சிப்காட் வேலிக்கு அந்தப்பக்கம்
ராத்திரியில் புள்ளிமான்கள் நிற்குமாம்.
உடம்பு தெரியாது, கண் மட்டும் தெரியும் என்பார் வாட்ச்மேன்.
எங்களுக்கு அதுவும் தெரியாது.
பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
அச்சறைக்குள் இருப்போம்.

ஆயிரம் டயர் வெந்து இறங்கிய அச்சு.
உள்ளே ரப்பர்ப் பொருக்கு, கந்தக வாடை,
எங்கேயோ உழப்போகும் டிராக்டருக்கான வரப்புகள்,
இடவலம் மாறிய எழுத்துகள்.
அவற்றை நான் இப்போது
நேரெழுத்தைவிட வேகமாக வாசிப்பேன்.

முன்பு மணல் வீசினார்கள்.
மணலுக்கு அழுக்கு எது, எழுத்து எது?
இரண்டே வருஷத்தில் எழுத்துகளின் மூக்கு மழுங்கிப்போனது.
ஒளிக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.
அதற்கும் ஒன்றும் தெரியாது.
கறுப்பு அதைக் குடிக்கிறது, எஃகு துப்பிவிடுகிறது,
அவ்வளவுதான் விஷயம்.

ஒரு நொடியை நூறு கோடியாக நறுக்கினால்
அதில் நூறு துண்டு. அடி அவ்வளவு நேரம்தான்.
பொருக்கின் மேல்தோலுக்கு உருகி ஒழுக அவகாசமில்லை,
சின்னஞ்சிறு வெள்ளை நெருப்பாய் எழுந்துவிடும்.
அடியிலிருக்கும் எஃகுக்குச்
சூட்டின் சேதி போய்ச் சேருமுன்
அடி முடிந்திருக்கும்.
நொடிக்கு இருபதாயிரம் தடவை.
காதுக்கு அது, கடலை வறுக்கும் சட்டியில்
மணல் புரளும் சத்தம்.

ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே
விடியவிடியக் காட்டினாலும் சும்மா சுடும்,
ஒரு பொடி உதிராது.
தாண்டினால்தான் பிரியும்.
இதை மாசானத்திடம் சொன்னபோது
"கோர்ட்டும் அப்படித்தான், எஸ்தர்" என்றான்.

செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் அவன் கேஸ் முடிந்தது.
புதன் ராத்திரி தூக்குச்சட்டியோடு வந்தான்.
எவர்சில்வர், சீர்வரிசைச் சாமான்,
கழுத்தோரம் புள்ளிபுள்ளியாய் வெட்டிய பெயர்:
கு. கோமு, நாங்குநேரி.
"இந்தப் பேரை மட்டும் எடுத்துத் தந்துரு.
சட்டி நல்ல சட்டில்லா."

விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"இதுல எடுக்க ஒண்ணுமில்ல, மாசானம்."
"பேரு இருக்குல்லா?"
"இல்ல. உளி எடுத்துட்டுப் போன இடம் அது.
இருக்கதைத்தான் இந்த லைட்டு எடுக்கும்.
பள்ளத்தை அழிக்கணும்னா
பள்ளத்தோட ஆழத்துக்குச்
சுத்தியிருக்க தகடு பூராவும் சீவணும்.
சட்டி ஓட்டையாயிரும்."

பம்பு ஓடுகிற சத்தம் கொஞ்சநேரம்.
"அப்ப அதுக்குள்ள அப்பியிருக்க கறுப்பையாவது எடு."
ஆறு வருஷப் புளிக்குழம்பு, அடுப்புக்கரி.
அது முடியும். செய்யக்கூடாது, செய்தேன்,
சக்தியை நன்றாகக் குறைத்து, ஒரே ஒரு ஓட்டம்.

கதவைத் திறந்தால் பெயர்
நேற்றுத்தான் வெட்டியதுபோல் மின்னியது.
முன்பு கிட்டே கொண்டுபோனால்தான் வாசிக்கலாம்;
இப்போது மெஷினுக்கு அந்தப்பக்கம் நின்றே வாசிக்கலாம்.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவன் சட்டியை வாங்கி
ஓட்டல் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை அதில் பிரித்துக் கொட்டி
நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தான்.

வடிகட்டி நிரம்பியதாக அலாரம்.
கழற்றி நிறுத்தேன்:
இந்த வாரம் நானூற்றுப் பன்னிரண்டு கிராம் தூள்.
அதில் சட்டியின் பங்கு தராசுக்குத் தெரியாது.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.