செல்லாத பந்து

மாஜிஸ்திரேட் அம்மா முதலில் கேட்டது
ஆட்டம் தெரியுமா என்று.

கிரிக்கெட் தெரியும்.
சாட்ஸ்வர்த்தில் பிறந்தவளுக்குப்
பந்து எந்தப் பக்கம் வருமென்று
முதுகுக்கே தெரியும்.
இது பேஸ்பால்.
தங்கச்சி மகன் ஆடுகிறானே என்று போனேன்,
ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை.
எல்லாரும் முன்னால் பார்த்திருக்க
மட்டையின் விளிம்பில் பட்டுப்
பின்பக்கம் எகிறியது.
"ஃபவுல்" என்று கத்தினார் நடுவர்.
செல்லாத பந்து என்று பொருளாம்.
என் இடது கண்ணில் மட்டும் செல்லுபடியானது.

வான் ஸைல், கிளப்பின் வக்கீல், மரியாதைக்காரர்.
தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்துவிட்டுத்தான்
கத்தியை எடுப்பார்.
"அந்த நொடியில், திருமதி படையாச்சி,
எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

பன்னி சௌவை.
கால் ரொட்டி, உள்ளே பீன்ஸ் குழம்பு.
மூடித்துண்டைப் பிய்த்துத் தோய்க்கக்
குனிய வேண்டாமா?
நிமிர்ந்தபடி அதைத் தின்றவனை
டர்பனில் எங்காவது காட்டட்டும்.

அவர் எழுதிக்கொண்டார்:
மனுதாரர் ஆட்டத்தைக் கவனிக்கவில்லை.

வாசலில் பலகை இருந்ததாம்,
உள்ளே வருவது உங்கள் சொந்தப் பொறுப்பில்.
படித்தேன், ஐயா.
அந்தப் பலகை தொங்காத வாசல்
இந்த ஊரில் எது?
கார் நிறுத்துமிடம், நீச்சல் குளம்,
பேரங்காடியின் நகரும் படிக்கட்டு.
முந்தின நாள் பெரிய வெள்ளி,
மாரியம்மனுக்குத் தீ மிதித்தேன்.
அது என் பொறுப்பு.
பத்து நாள் விரதமிருந்து, மஞ்சள் கட்டி,
தெரிந்து இறங்கினேன்; பாதம் கன்றவில்லை.
தீக்குச் சம்மதித்தவள்
பந்துக்கும் சம்மதித்தாள் என்று
எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அவையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

என் வக்கீல் நொம்வூலா படத்தை நீட்டினாள்.
தடுப்பு வலையில் ஒரு முழக் கிழிசல்,
உருளைக்கிழங்கு மூட்டைக் கயிற்றால்
இழுத்துக் கட்டியிருந்தது.
கண் போன அன்று அழுதேனே தவிரக் கோபம் வரவில்லை.
அந்த முடிச்சைப் பார்த்ததும் வந்தது.
இருபத்திரண்டு வருஷம் ஓவர்லாக் மெஷினில் இருந்தவள் நான்.
சட்டைக் கை ஒன்று இப்படிப் போயிருந்தால்
சூப்பர்வைசர் மூஞ்சியில் எறிந்திருப்பார்.

சான்றுப்பொருள் நான்கு:
பிளாஸ்டிக் பையில் அந்தப் பந்து.
தொட்டுப் பார்க்கலாமா என்றேன்.
அனுமதி.
வெள்ளைத் தோலில் சிவப்பு நூல்,
கையால் தைத்தது; இழுப்பு எங்கும் ஒரே அளவு.
எங்கோ ஒருத்தி, ஆணோ பெண்ணோ,
என்னைப் போல் குனிந்திருந்து தைத்தது.
நகத்தால் எண்ணினேன்.
நூற்றெட்டு இரட்டைத் தையல்.
அர்ச்சனைக் கணக்கு.
மீண்டும் ஒருமுறை எண்ணினேன், ஒற்றைக் கண்ணால்.
மாஜிஸ்திரேட் அம்மா தடுக்கவில்லை,
கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

தீர்ப்பு ஆகஸ்டில் வந்தது.
அறுபது பங்கு கிளப்பின் அசட்டை.
நாற்பது பங்கு என்னுடையது,
குனிந்ததற்கு.
பிறகு வீட்டில் ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம்
இது எத்தனை சதவீதம் என்று தங்கச்சி கேட்பாள்.

ஒன்று மட்டும் பாக்கி.
மருத்துவமனைக்கு அந்தப் பையன் வந்தான், பந்தை அடித்தவன்,
லுங்கேலோ, பதினேழு வயது.
மன்னிப்புக் கேட்காதே, அது ஒப்புதலாகிவிடும் என்று
யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.
வாயே திறக்கவில்லை.
ஒரு பை நார்ச்சி கொண்டுவந்திருந்தான்.
கட்டில் ஓரம் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் உரித்து,
வெள்ளை நார் ஒரு இழை விடாமல் எடுத்துச்
சுளை சுளையாய் என் உள்ளங்கையில் வைத்தான்.
இருட்டும்வரை.

கூண்டில் நொம்வூலா கேட்டாள்:
"கிளப்பிலிருந்து யாராவது வருத்தம் சொன்னார்களா?"
இல்லை என்றேன்.
சொல்லவில்லைதானே.