எந்தக் கதவை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்துதான் போட்டாள் நெலிதா,
ரொசாரியோ மருந்துக்கடையின் இரவுப் பணியாள்:
முந்நூறு டாலர் நாணயம்,
ஈடுக்கு ஈடாய்
பெயர் மட்டும் அழகான இன்னொன்று.
குளம் என்கிறார்கள் அதை.
கரை இல்லை, காவல் இல்லை,
கையெழுத்துப் போட ஒரு மேலாளர் இல்லை.

நாலு மாதம் வட்டி சொட்டியது,
பெசோ உருகும் வேகத்துக்குச் சற்றே முன்னால்.

செவ்வாய், அதிகாலை மூன்றே கால்.
இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணுகையில்
குளம் வற்றிவிட்டது.
மிச்சம் ஒன்பது டாலர்.
வெளியே எடுக்கக் கட்டணம் பதினொன்று.

இரண்டாயிரத்து ஒன்றில்
பூட்டிய வங்கிக் கதவை
அம்மா வாணலியால் அடித்தாள்.
அடியில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

வீடு வந்து அதைத்தான் எடுத்தாள்.
எந்தக் கதவை?

அடுப்பில் வைத்தாள்.
எண்ணெய் பள்ளத்தில் போய்த் தேங்கியது.
முட்டையை உடைத்தாள்.