தரிப்பிடம், மூன்றாம் தளம்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில்
மூன்றாம் தளம் நல்லது.
இரண்டில் தூண்கள் நெருக்கம்.
நான்கில் கூரையில்லை, பெப்ரவரி வெயிலில்
ஸ்டியரிங்கைத் தொட முடியாது,
அதுவும் மருந்தேறி நகம் கறுத்த விரல்களால்.
பதினொரு வருஷத்தில் நான் தேறிய பாடம்
இவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும்.

முன்சீட்டில் மயூரதி.
முப்பத்தாறு வயது, கணக்காளர்.
நேற்றிரவு போனில் பெயரைச் சொன்னாள்.
பிறகு அவள் வீட்டு ஃபிரிட்ஜின் இரைச்சலை மட்டும்
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா.
மாமிக்குத் தெரிஞ்சா பெண்டில் ஹில் முழுக்கத் தெரியும்."

தெரியும்தான்.
எனக்கு வந்தபோது "அந்த வருத்தம்" என்றார்கள்.
பெயரைச் சொன்னால் தங்களுக்கும் ஒட்டிவிடும் என்பதுபோல.
தேரன்று ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து
எந்தப் பக்கம் நிஜம் என்று
தன் நெஞ்சால் தேடிப் பார்த்தாள்.

சிலிக்கன் வந்து சேரும்வரை
பருத்திப் பையில் தினை நிரப்பித் தைத்துப் போட்டேன்.
கடையில் கிளித்தீனி என்று விற்கிற தினை.
மழையில் நனைந்த ஒரு கிழமை
அது முளைவிடப் பார்த்தது.
இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.
மயூரதி சிரிக்கவில்லை.

"காட்டுவீங்களோ?" என்றாள்.

முன்பும் கேட்டிருக்கிறார்கள்.
குளியலறையில், உடுப்புக்கடைக் கண்ணாடி அறையில்,
ஒருமுறை கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால்.
பக்கத்துக் கார் போகும்வரை இருந்தேன்.
சால்வையை ஜன்னலில் செருகினேன்.
சட்டையில் ஐந்து பொத்தான்,
நாலாவது எப்போதும் அடம்.

அக்குளில் தொடங்கி நெஞ்செலும்பில் முடிகிறது.
படங்களில் பார்த்துத்தான் வந்திருப்பாள்.
படம் வேர்க்காது.
இது மூச்சுக்கு ஏறி இறங்குகிறது,
ஓரத்தில் ஒரு நுளம்புக்கடி.
கடித்தது எனக்குத் தெரியாது,
காலையில் கண்ணாடியில் பார்த்துத்தான் கண்டேன்.

முதலில் அவள் பெற்றோல் முள்ளைப் பார்த்தாள்.
பிறகு பார்த்தாள்.
பிறகு விரல் நீட்டினாள், குளிர்ந்த விரல்.
"இது தெரியுதோ?"
இல்லை.
"இது?"
இல்லை.
"இது?"
ஓம். இதிலயிருந்து தெரியும்.
விரலை அவள் எடுக்கவில்லை,
அங்கேயே வைத்திருந்தாள்.

"எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"
பதினேழு.
"எத்தனை பேர் இருக்கினம்?"

வாய்க்கு வந்தது வேறொரு எண்.
கணக்காளருக்கு அதைச் சொல்லக் கூடாது.
பதினாலு, என்றேன்.
மற்ற மூன்று பெயரையும் அவள் கேட்கவில்லை.
நகுலேஸ்வரி.
சிவபாதம் ரீச்சரின் மருமகள்.
யூஜினா.
கடைசி மாதங்களில் யூஜினா சாய்த்துவைத்த அளவில்தான்
இந்தச் சீட் இன்னும் இருக்கிறது.
மயூரதி கொஞ்சம் சரிந்தே இருக்கிறாள்.
நிமிர்த்தச் சொல்லவில்லை.

மேலே யாரோ ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தம்.
ஒன்பதரைக்குச் சத்திரசிகிச்சை டாக்டர்.
கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவந்திருக்கிறாள்,
நம்பர் போட்டு, அடிக்கோடிட்டு.
பன்னிரண்டாவது கேள்வி மகளைப் பற்றி.
அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறாள்.

நாலாவது பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள்.

லிஃப்டில் ஒருவரும் இல்லை.
கதவு மூடி, எண்கள் இறங்கத் தொடங்கியபின்
என்னைப் பாராமல் கேட்டாள்:
"தினை உண்மையாவே முளைச்சதோ?"

ரெண்டு முளை, என்றேன்.
வெள்ளையாய், இவ்வளவு.