தாளில் தூக்காத பாலம்

மூன்று வாரமாய் எல்லாம் பச்சை.

'பாலம் தூக்கியிருக்கும்போது
தடுப்புக்கட்டை தாழ்ந்திருக்கும்,
எந்நேரமும், எவ்வழி போனாலும்' —
உண்மை என்றது கணினி,
அரை விநாடியில்.
அந்த அவசரத்தைப் பார்த்தாவது
எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நகராட்சியிலிருந்து சீட்சே
ஆரஞ்சு கேக் வாங்கிவந்தான், மேலே இளஞ்சிவப்புப் பாகு.
ஃப்ரீஸ்லாந்து மழை கண்ணாடியில் சாய்ந்து பெய்தது.
தின்றோம்.

நான் வரைந்திருந்தவை நான்கு தானியங்கிகள்:
படகு, தடுப்பு, பாலம், பாலத்தை இயக்கும் பெண்.
வட்டம் என்றால் நிலை. அம்பு என்றால் தாவல்.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு கடிகாரம்;
எல்லாம் ஒரே நடை நடப்பவை,
பின்னால் ஓர் அடி வைக்கத் தெரியாதவை,
மிஞ்சினால் பூச்சியத்தில் போய் விழுபவை.
அம்பின் வாசலில் காவல்: இத்தனை விநாடி ஆனபின் போ.
வட்டத்துக்குள் கெடு: இத்தனை விநாடிக்குமேல் இராதே.

யெல்ட்யே வந்தாள், கையெழுத்துப் போட.
ஒற்றை அறையில் உட்கார்ந்து
பதினோரு பாலங்களைத் திரையில் பார்த்துத் தூக்குபவள்.
சூயிங்கத்தை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டாள்:
"உங்கள் தாளில் இந்தப் பாலம்
எப்போதாவது தூக்குமா?"

சிரித்தேன்.
அவள் போனபின் கணினியிடம் கேட்டேன்.

இல்லை. ஒருபோதும் இல்லை.

தட்டுப்பிழை.
தடுப்பு இறங்கும் வட்டத்தில் கெடு பன்னிரண்டு.
வெளியேறும் அம்பில் காவல் பதினைந்து.
பன்னிரண்டுக்குமேல் இருக்கவும் கூடாது, போகவும் முடியாது.
ஆகவே என் உலகில்
காலம் நின்றுவிட்டது:
படகுக்காரன் வீசிய கயிறு அந்தரத்தில்,
மணியின் நாக்கு ஓங்கியபடி,
வாத்தின் கால் நீருக்கு ஒரு விரல்கடை மேலே.
அங்கே யாரும் சாகவில்லை.
பதின்மூன்றாம் விநாடி பிறக்காத ஊரில்
யார்தான் சாவார்?
அதைத்தான் நான்
பத்திரம் என்று எழுதி முத்திரை வைத்திருந்தேன்.

பதினைந்தை ஒன்பதாக்கினேன்.
காலம் ஓடத் தொடங்கியது;
ஓடியதுமே
இருபத்து மூன்று படிகளில் ஒரு விபத்தை
நிதானமாக அச்சிட்டது.

ஆறாம் படி: தடுப்பு தாழ்ந்தது. 'தாழ்ந்தேன்' என்று சொல்லி அனுப்பியது.
சொல் வழியில் எங்கோ மெல்ல வந்துகொண்டிருந்தது
(ஆறு விநாடிவரை தாமதிக்க அதற்கு உரிமை உண்டு).
ஒன்பதாம் படி: ரத்து. தடுப்பு எழத் தொடங்கியது.
பதினேழு: படகு மறுபடி கேட்டது.
அப்போது வந்து சேர்ந்தது பழைய சொல்,
பழையது என்று நெற்றியில் எழுதாமல்.
பாலம் அதை நம்பியது.
தூக்கியது.

சைக்கிளை நான் வரையவில்லை.
வரையாமலே தெரிந்தது.

யெல்ட்யே தாளை விரல்வைத்துப் படித்தாள்.
ஒன்பதில் விரல் நின்றது.
"இது நான்."

மணி அடித்தபின்னும் நாயை இழுத்துக்கொண்டு ஓடிவருகிறவர்கள்,
தள்ளுவண்டிச் சக்கரம் சிக்கிய தாய் —
அவர்களுக்காக அமுக்குவாளாம்,
நாளைக்கு நாலைந்து தடவை.
விதிப்புத்தகத்தில் இல்லாத பழக்கம்.
"அந்த அம்பை எடுத்துவிடுவீர்களா?"

எடுத்தால் நிரூபணம் அரைப்பக்கம்.
சீட்சேயும் அதையே சொன்னான், தொலைபேசியில், இரண்டு முறை.

எடுக்கவில்லை.
ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தேன்,
பாலத்துக்கு எண் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன்.
நிலைகள் பல்கிப் பெருகின; மின்விசிறி அலறியது;
நாற்பத்தொரு நிமிடம்.
இம்முறை முதலில் கேட்டது அவளுடைய கேள்வி.
தூக்குமா?
தூக்கும்.
பிறகுதான் என்னுடையது.

நவம்பரில் அவள் அறைக்குப் போயிருந்தேன்.
ஏழாம் திரையில் மணி அடிக்கிறது,
தோளில் ஏணியோடு சைக்கிளில் ஒருவன்
மிதிக்கிறான், மிதிக்கிறான்.
ரத்து.
எங்கோ ஒரு சொல் தாமதமாய் வந்து,
எண் பொருந்தாமல், வாசலிலேயே விழுந்தது.
ஏணிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
படகிலிருந்தவன் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினான்.