தொழில் என்னும் கட்டம்

கடலூர் முதுநகர். ஆலயத்தின் பின்னறை.
விசிறி சுழன்றால் தாள் நொறுங்கும்.
நிறுத்திவிட்டு, வேர்வை சொட்டாதபடி
முழங்கையைத் தள்ளி வைத்துப் படிக்கிறேன்
அடக்கப் பதிவேடு, 1841 முதல்.
கணினியில் ஏற்றப் பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பக்கத்துக்கு எட்டுப் பேர்.

கனம் ஆம்புரோஸ் விட்லாக் ஐயரின் எழுத்து
கடற்கரைச் சவுக்கு மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தது.
மாலுமி, முப்பது, குடி.
உப்பு இலாகா எழுத்தர், காய்ச்சல்.
பெயர் தெரியாதவள், கெடிலத்தில் ஒதுங்கியவள்.
அடக்கம் செய்தவர்: ஏ. விட்லாக்.

நாற்பத்தாறு, அக்டோபர்.
ஹெஸ்டர் விட்லாக், இரண்டு வயது ஏழு மாதம், வாந்திபேதி.
தொழில்: குருவானவர் மகள்.
அடக்கம் செய்தவர்: ஏ. விட்லாக்.
சாய்வு மாறவில்லை.
பேனா மட்டும் அந்தப் பெயருக்குள்
இரண்டு தரம் மை தொட்டிருக்கிறது.

மூன்று நாளில் எட்வின்.
அடுத்த வரியே அவன்தான்.
இடையில் ஊரில் யாரும் சாகவில்லையா,
சாவை எழுத ஆளில்லையா?
ஞானஸ்நானப் புத்தகத்தில் தேடினேன்:
ஐந்து மாதம் முன்புதான்
இதே கை அவன் தலையில் தண்ணீர் தெளித்தது.

லெட்டீஷியா அம்மாள்
எதிலும் 'மனைவி'க்கு மேல் இல்லை.
பழைய செலவு நோட்டில் மட்டும்
ஆயா பொன்னுருவிக்கு மாதம் இரண்டு ரூபாய்.
பிள்ளைகளே இல்லாத வீட்டில்
அக்டோபருக்குப் பின்னும் பதினாலு மாதம்
அதே இரண்டு ரூபாய்.
பக்கத்தில் அம்மாளின் கையொப்பம்.

நாற்பத்தொன்பது, டிசம்பர்.
வேறு கை.
அச்சடித்த இங்கிலீஷ் கட்டங்களுக்குள் தமிழ்,
புத்தகம் முழுக்க அந்த ஒரு வரிதான்.
உபதேசியார் ஞானாபரணம் எழுதியது:
'விட்லாக் ஐயர். வயது நாற்பது இருக்கலாம்.
கெடிலத்தில் வெள்ளம், குருமார் எவரும் வரக்கூடவில்லை.
நான் ஜெபம் வாசித்தேன்.'
தொழில் கட்டத்தில் 'குருவானவர்' என்றெழுதி அடித்திருக்கிறார்.
மேலே, சின்னதாக, 'தகப்பன்'.
அதையும் அடித்திருக்கிறார்.

என் திரையில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் சேமிக்காது.
அடித்த சொல்லை அடித்தபடியே ஏற்ற
இதில் வழியில்லை.

மணி மூன்று.
துறைமுகப் பக்கம் ஐஸ் லாரியின் ஹாரன்.
எட்டில் ஏழு பேரை ஏற்றிவிட்டேன்.
விசிறியைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.